முனைக் கடை மூடிவிட்டது, காலையில் நான் எங்கே போய் உட்கார?

கேள்வி: எனக்கு 63 வயது. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. மனைவி காலமாகிவிட்டார், மகளோடு இருக்கிறேன். எங்கள் தெரு முனையில் ஒரு காபிக் கடை இருந்தது. ஆறு மேஜை, ஆடுகிற நாற்காலிகள். தினமும் காலை 7 மணிக்குப் போய் ஜன்னலோரம் உட்காருவேன். மூன்று மாதம் முன்பு மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு ஜன்னல் மட்டும் திறக்கிறது. பையில் போட்டு நீட்டுகிறார்கள், உட்கார இடமில்லை. அதே வரிசையில் இன்னும் இரண்டு பார்சல் கடைகள் வந்துவிட்டன. எதிரே ஒரு புது கஃபே. உள்ளே எல்லாரும் லேப்டாப்பும் ஹெட்போனுமாக இருக்கிறார்கள். நுழையவே கூச்சமாக இருக்கிறது. "ஒரு காபிக் கடை மூடினதுக்கா இவ்வளவு துக்கம்?" என்கிறாள் மகள். கோபத்தில் இந்தப் புதுக் கடைகள் எதிலும் கால் வைப்பதில்லை என்று இருக்கிறேன். நான் செய்வது சரியா? மழை நாட்களில் பழைய கடைக் காபியை நானும் ஆப்பில் வரவழைத்ததுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, பழைய கடைக்காரருக்கு இரண்டு காபிக்கான காசு பாக்கி வைத்திருக்கிறேன். அதை எப்படிக் கொடுப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காபி போனதற்காக யாரும் மூன்று மாதம் வருத்தப்பட மாட்டார்கள். காபியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், ஒருவேளை அது இன்னும் நன்றாகக்கூட வரும். நீங்கள் படியேறும்போதே கேட்காமல் காபி கலக்கத் தொடங்கிய ஒரு கை இருந்தது. ஒரு நாள் போகாவிட்டால் "நேத்து ஆளையே காணோம்?" என்று கேட்க ஒரு வாய் இருந்தது. வேலையும் போய், மனைவியும் போன பிறகு, காலை 7 மணிக்கு உங்களை எதிர்பார்த்திருந்த ஒரே இடம் அதுதான் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. அது மூடினால் துக்கம் வரத்தான் செய்யும்.

நீங்கள் மிகையாக உணர்கிறீர்கள் என்று யாராவது சொன்னால், இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் காபிக் கடைக்குள் போகிறவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் கடைக்காரரின் கண்ணைப் பார்த்துச் சிரித்து நாலு வார்த்தை பேச வேண்டும். மறு பாதியினர் காசைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, வளவளவென்று பேசாமல் வாங்கி வந்துவிட வேண்டும். வெளியே வந்தபோது பேசியவர்களின் மனநிலை நன்றாக இருந்தது. 'நானும் இந்த இடத்தைச் சேர்ந்தவன்' என்ற உணர்வும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தது. 2014இல் இதழில் வந்த ஆய்வு இது. எல்லாம் ஒரு நிமிடப் பேச்சுதான். நீங்கள் அதை வருடக்கணக்கில் தினமும் பெற்றிருக்கிறீர்கள்.

சரி, கடை ஏன் மூடியது? உங்கள் கோபம் யார் மேல் போக வேண்டும் என்பது இதைப் பொறுத்ததுதான்.

ஒருவர் ஒரு காபி வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால், அந்த நாற்காலி முக்கால் மணி நேரத்தில் விற்றது ஒரே ஒரு காபி. நாற்காலிக்குக் கீழே இருக்கிற தரைக்கும் வாடகை உண்டு. மேஜை துடைக்க ஆள் வேண்டும், கோப்பை கழுவ ஆள் வேண்டும். உட்கார வைத்தால் கழிப்பறை வேண்டும் என்று பல நகரங்களில் விதியும் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பையை நீட்டினால் இதில் பாதி இல்லை. உணவுத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: நூறுக்கு விற்றால் சரக்குக்கு முப்பது, சம்பளத்துக்கு முப்பது, வாடகைக்குப் பத்து. மின்சாரம், பழுது, வரி என்று மீதியும் கரைந்து கடைசியில் கையில் நிற்பது மூன்றோ ஐந்தோ. ஒப்பந்தம் முடிந்து கட்டட உரிமையாளர் வாடகையைக் கொஞ்சம் ஏற்றினாலே அந்த மூன்றும் ஐந்தும் காணாமல் போகும். உங்கள் முனைக் கடைக்கும் இப்படித்தான் ஏதோ நடந்திருக்கும்.

உட்காருவதற்கு ஒரு விலை உண்டு என்பது புதிதும் அல்ல. இத்தாலியில் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னால் இன்னொரு விலை, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 17ஆம் நூற்றாண்டு லண்டன் காபிக் கடைகளில் ஒரு பென்னி கொடுத்து உள்ளே போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டு இருக்கலாம். உண்மையில் அந்தக் காசு காபிக்கா, நாற்காலிக்கா என்று சொல்வது கஷ்டம். நம் காலத்துக் கடைக்காரர்கள் நாற்காலியின் விலையைத் தனியாகக் கேட்கச் சங்கடப்பட்டு, அதைக் காபி விலைக்குள் ஒளித்து வைத்தார்கள். எதிர்க் கடைக் காபி விலையைப் பார்த்து நீங்கள் திடுக்கிட்டிருப்பீர்கள். அதில் பாதி நாற்காலிக்கான காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அங்கே முதல் காபிக் கடை 1652இல் திறந்தது. இருபது வருடம் கழித்தும் அதை ஊரைக் கெடுக்க வந்த புதுப் பழக்கமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னர் எல்லாக் காபிக் கடைகளையும் மூடச் சொல்லி ஆணையே போட்டார். கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்துவிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். உங்கள் முனைக் கடை திறந்த நாளிலும், அதற்கு முன் அங்கே இருந்த ஏதோ ஒரு கடையை நினைத்து ஒருவர் எதிர்ப் பக்கமாகவே நடந்து போயிருப்பார். நீங்கள் அவரைக் கவனித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஆப் விஷயம். கடிதத்தில் நீங்களே ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் திட்டப் போவதில்லை. நானும் செய்தவன்தான். எங்கள் தெருவில் ஒரு ரொட்டிக் கடை. மாடிப்படி இறங்கச் சோம்பல்பட்டு, நடந்தால் நாலு நிமிடத்தில் போய்விடும் தூரத்துக்கு ஒரு வருடம் ஆப்பில் வரவழைத்தேன். ஒரு நாள் நேரில் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் மூன்று டேப்லெட், மூன்றும் மாறி மாறிக் கத்துகின்றன. கடைக்காரர் என்னைப் பார்க்காமலேயே "ஆர்டர் நம்பர்?" என்றார். வாசலில் ஹெல்மெட் கழற்றாத ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முன்பு பெஞ்ச் கிடந்த இடத்தில் கட்டிவைத்த பைகள் வரிசையாக இருந்தன. பெஞ்சை எடுத்ததில் என் பங்கும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆப் நிறுவனங்கள் ஒவ்வொரு ஆர்டரிலும் கடையிடம் எடுக்கும் கமிஷன் பொதுவாக 15 முதல் 30 சதவீதம். மேலே சொன்ன மூன்று ஐந்து கணக்கோடு அதை வைத்துப் பாருங்கள். நியூயார்க் நகரம் 2020இல் இதற்கு வரம்பு போட்டது: டெலிவரிக்கு 15 சதவீதம், மற்றக் கட்டணங்களுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று. பெருந்தொற்றுக் காலத்தில் ஆப் இல்லாமலே இருந்திருந்தால் பல கடைகள் அப்போதே போயிருக்கும் என்பதும் நிஜம். அதனால் ஆப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். காய்ச்சலில் படுத்திருந்தால் வரவழையுங்கள். நடக்கத் தெம்பிருக்கிற நாளில் நடந்து போய்க் கையில் காசு கொடுத்து வாங்குங்கள். கடைக்கு முழுக் காசும் போய்ச் சேரும், உங்களுக்கும் அந்த நாலு வார்த்தை கிடைக்கும்.

அப்புறம், புதுக் கடைகளில் கால் வைப்பதில்லை என்ற சபதம். விட்டுவிடுங்கள் ஐயா. அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் பையன் உங்கள் கடைக்காரரைத் துரத்தவில்லை. காலி இடத்துக்குத்தான் வந்திருக்கிறான், அநேகமாக அதிக வாடகைக்கு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகர உணவகங்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2005இல் வந்தது. முதல் வருடத்திலேயே 26 சதவீதம் மூடின அல்லது கை மாறின. மூன்று வருடத்துக்குள் அது சுமார் 60 சதவீதம். பத்தில் ஒன்பது கடை முதல் வருடமே மூடும் என்று ஊரில் சொல்வார்களே, அந்த அளவுக்கு மோசம் இல்லை. ஆனாலும் உங்கள் எதிர்க் கடைக்காரர் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் போகாமல் இருந்தால் பழைய கடை திரும்ப வராது. இதுவும் மூடி அங்கே நாலாவது பார்சல் ஜன்னல் வரும்.

கூச்சத்துக்கு வருகிறேன், அதுதான் நிஜமான தடை என்று தோன்றுகிறது. லேப்டாப்பில் மூழ்கியிருப்பவர்கள் உங்களைப் பார்க்கவே போவதில்லை. காலை 7 மணிக்கு வேண்டாம், அப்போது ஆபீஸ் போகிறவர்களின் வரிசை நிற்கும். கல்லாவில் இருப்பவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. ஒன்பதரை, பத்துக்குப் போங்கள். பலகையில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் "இதெல்லாம் எனக்குப் புதுசு, பால் விட்ட சாதாரணக் காபி எது தம்பி?" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தத் தம்பி அன்று பேசப்போகிற மிக நீளமான பேச்சு அதுவாக இருக்கும். காகிதக் கோப்பையில் கொடுத்தால் பீங்கான் கோப்பை இருக்கிறதா என்று கேளுங்கள். பல கடைகளில் மெஷினுக்கு மேலே அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள். கல்லாவுக்கு அருகே இருக்கும் மேஜையில் உட்காருங்கள்; சுவரோரம் மின் பிளக் இருக்கும் மேஜை உங்களுக்கு வேண்டாம், அது லேப்டாப்காரர்களின் இடம். கூட்டம் ஏறும்போது எழுந்துவிடுங்கள், அல்லது இன்னொரு காபி சொல்லுங்கள்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போங்கள். ஒரே மாதத்தில் மூன்று கடை மாற்றிப் பார்த்தால் மூன்றிலும் நீங்கள் அந்நியர்தான். பழைய கடையில் முதல் வாரமே உங்கள் காபி கேட்காமல் வந்ததா என்ன? உங்களுக்கு அது மறந்திருக்கும்.

பார்சல் ஜன்னலையும் ஒதுக்கிவிட வேண்டாம். நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்பவர் 1961இல் தன் நியூயார்க் தெருவைப் பற்றி எழுதியபோது, வெளியூர் போகிறவர்களும் நண்பருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் சாவியைத் தெருவில் உள்ள ஒரு கடையில் விட்டுச் செல்வதைச் சொல்கிறார். அது காபி குடித்தபடி உட்காரும் கடைகூட இல்லை, தயார் உணவு விற்கும் கடை. அந்தக் கடைக்காரரிடம் சாவிக்கென்றே தனி இழுப்பறை இருந்ததாம். தினமும் ஒரே முகம் அங்கே நிற்கிறதா என்பதுதான் முக்கியம், ஜன்னலா மேஜையா என்பது அப்புறம். வாரத்துக்கு ஒரு ஆள் மாறுகிற கடை என்றால் எவ்வளவு மேஜை போட்டாலும் நீங்கள் தேடுவது அங்கே கிடைக்காது. கிளவுட் கிச்சன் என்று வாசலே இல்லாமல் நடத்துகிறார்களே, அங்கே தேடிப் பயனே இல்லை.

தெருவாகச் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 30 வருடத்துக்கு மேல் நடக்கும் கடைகளைப் பதிவேட்டில் சேர்த்து உதவித்தொகை கொடுக்க 2015இல் மக்கள் வாக்களித்தார்கள். நீண்ட ஒப்பந்தம் போடும் கட்டட உரிமையாளருக்கும் அதில் பங்கு வைத்தார்கள். கடை காலியான பிறகு கண்ணீர் விடுவதைவிட ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே கட்டட உரிமையாளரிடம் பேசுவது பலன் தரும். வாடிக்கையாளர்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று போனாலும் அவர் கொஞ்சம் யோசிப்பார். காலிக் கடைக்கு வாடகை வராது என்பது அவருக்கும் தெரியும். உங்களுக்கு அது தாமதம். ஆனால் தெருவில் பழைய முடிவெட்டும் கடையோ தையல் கடையோ இன்னும் இருக்கும், அவர்களின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டு வையுங்கள். பார்சல் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்ச் போடுவதற்கு நடைபாதை அனுமதி வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்தை நிரப்பக் கடைக்கார இளைஞனுக்கு நேரமிருக்காது. உங்களுக்கு இருக்கிறது.

கடைசியாக அந்த இரண்டு காபிக் காசு. கடை மூடினாலும் கடைக்காரரின் நம்பர் பக்கத்துக் கடைகளில் இருக்கும். பால் போட்டவர், பேப்பர் போட்டவர், சில்லறை மாற்றிக்கொண்ட கடை என்று கேட்டுப் பாருங்கள். நம்பர் கிடைத்ததும் காசை ஃபோன் வழியாக அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள், நேரில் வந்து தருகிறேன் என்று சொல்லுங்கள். அவருக்கும் இந்த மூன்று மாதமாகக் காலை 7 மணிக்கு விழிப்பு வந்துவிடும், போக இடம் இருக்காது.