அரசுப் பள்ளியை எங்கிருந்து சரிசெய்வது? என் பதில்: வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து

அரசுப் பள்ளிகளின் தரம் உயர முதலில் யாரைச் சரிசெய்ய வேண்டும், ஆசிரியரையா, தலைமை ஆசிரியரையா, மேலே இருக்கும் கண்காணிப்பையா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். என் அனுபவத்தில் மூன்றுக்கும் முடிச்சு ஒரே இடத்தில் இருக்கிறது: தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்து உட்காருகிறாரா, இல்லையா.

வேலைக்குச் சேர்ந்த முதல் எட்டு ஆண்டுகளில் நான் நடத்திய ஒரு பாடத்தைக்கூட யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆய்வுக்கு வருவார்கள். பாடக்குறிப்பு எழுதியிருக்கிறதா, நோட்டுகளில் சிவப்பு மை இருக்கிறதா, பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று புரட்டுவார்கள். இரண்டு பிள்ளைகளை எழுப்பி வாய்ப்பாடு கேட்பார்கள். 'நன்று' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எட்டு ஆண்டும் அந்த 'நன்று' உண்மை என்றே நம்பியிருந்தேன்.

ஒன்பதாவது ஆண்டில் ஒரு தலைமை ஆசிரியை மாற்றலாகி வந்தார். இரண்டாவது வாரமே, "சார், நாளைக்கு உங்க ஆறாம் வகுப்பில் கொஞ்சம் உட்காரலாமா?" என்று கேட்டார். ஒரே ஒரு வெள்ளைத்தாளோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பாடம் பின்னங்களைக் கூட்டுவது.

சாயங்காலம் அந்தத் தாளைக் காட்டினார். பெஞ்சுக்குப் பெஞ்ச் கட்டம் போட்டு, எந்தப் பிள்ளை எத்தனை முறை பேசியது என்று கோடு போட்டிருந்தார். முப்பத்தெட்டுப் பேரில் ஆறு பேருடைய கட்டத்தில்தான் கோடுகள். அத்தனையும் முன்வரிசை. கீழே ஒரு குறிப்பு: கேள்வி கேட்டுவிட்டு நானே பதிலையும் சொன்னது பதினொரு முறை. அப்புறம் ஜன்னலோரம் இருந்த ஒரு பையனின் நோட்டைத் திறந்தார். கரும்பலகையில் இருந்த சரியான விடையை அவன் அழகாக எழுதியிருந்தான். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், அவன் சொந்தமாகப் போட்ட கணக்கு: 1/2 + 1/3 = 2/5. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து.

"ஐந்தில் இரண்டு என்பது பாதிகூட இல்லையே சார். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிப் பாதியைவிடக் குறையும்னு அவனைக் கேட்டிருந்தால், அவனே பிடித்திருப்பான்" என்றார். திட்டவில்லை, புகழவும் இல்லை. எட்டு ஆண்டு ஆய்வில் நான் கற்றதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் கற்றது அதிகம். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இது என் ஒருவனுடைய குறை இல்லை என்று. 1970களிலேயே அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கவனித்திருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாகச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார். அதை 3 விநாடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, பதில் வராமலே போவது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், கணினி வேண்டாம். ஆனால் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தன் அவசரம் தனக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து பார்க்க இன்னொருவர் வேண்டும்.

ஜப்பானில் இதை நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்தைச் சில ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள், முடிந்ததும் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆசிரியருக்கு மதிப்பெண் போடுவதில்லை. எங்கள் தலைமை ஆசிரியையும் புதன்கிழமைதோறும் இப்படி ஒன்றைத் தொடங்கினார். மண்டபத்தில் நாள் முழுக்க உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பும் பயிற்சிகள் எதுவும் எனக்கு இந்த அளவு உதவியதில்லை.

ஆனால் அவர் அதற்குக் கொடுத்த விலை இருக்கிறது. வாரத்தில் இரண்டு காலைப்பொழுதை வகுப்புகளுக்கு ஒதுக்கினார். அதனால் புள்ளிவிவரப் படிவங்கள் இரண்டு முறை தாமதமாகின, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வகுப்புக்குப் போகாத தலைமை ஆசிரியர் யாருக்கும் அப்படிக் கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. தலைமைப் பண்பு பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மேலிடம் வேறு மாதிரியும் நடந்துகொள்ள முடியும். பிரேசிலில் சோப்ரால் என்ற ஊரில் 2001இல் சோதித்தபோது, ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. அரசியல் சிபாரிசில் தலைமை ஆசிரியர் ஆவதை நிறுத்தி, தகுதி பார்த்து நியமித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கிறதா என்று அடிக்கடி சோதித்தார்கள். ஆசிரியர்களுக்கு நாளைய பாடத்துக்கே உதவும் பயிற்சி கொடுத்தார்கள். 2017இல் நாட்டின் கல்வித்தரக் குறியீட்டில், தொடக்க வகுப்புகளில் அந்த ஊர் முன்னணிக்கு வந்தது. சோப்ரால் இருக்கும் மாநிலத்தில் நல்ல பள்ளிகளுக்குப் பரிசுத்தொகை உண்டு. அதில் ஒரு பகுதி, பின்தங்கிய ஒரு பள்ளியைத் தூக்கிவிட்டால்தான் கைக்கு வரும்! பொறுப்புக்கூறல் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்த ஏற்பாடுதான்.

மதிப்பெண்ணை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் ஓர் உதாரணம். தேர்வு முடிவை வைத்தே பள்ளிகளுக்குப் பரிசும் நெருக்கடியும் என்று ஆனபோது, ஆசிரியர்களே விடைத்தாளில் அழித்துத் திருத்தினார்கள். 2011இல் வந்த அரசு விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் முறைகேட்டைக் கண்டது, 178 ஆசிரியர்களும் பள்ளி முதல்வர்களும் அதில் தொடர்புடையவர்கள் என்றது. 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. எனக்கு வலிப்பது அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான். வாசிக்கத் திணறிய பிள்ளையின் தாள் 'தேர்ச்சி' என்று சொன்னதால், தனி உதவி கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்காமலே போயிருக்கும்.

இதைக் காட்டி, "ஆசிரியர்களை நம்பி விட்டுவிடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள்" என்று என் சக ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பள்ளியிலேயே ஒருவர் இருந்தார். பாதி நாள் வகுப்புக்கே போகமாட்டார். தலைமை ஆசிரியை உடன் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தார், இன்னொரு ஆசிரியரைத் துணைக்கு விட்டார், எழுத்திலும் எச்சரித்தார். இரண்டு ஆண்டு. கடைசியில் அவரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். எங்கள் பெற்றோர் நிம்மதியானார்கள். அந்த இன்னொரு பள்ளியின் பெற்றோருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

உதவி செய்து, காலம் கொடுத்து, வகுப்பில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளை ஆதாரமாக வைத்து, அதற்குப் பிறகும் மாறாத ஒருவரை வகுப்பிலிருந்து விலக்க ஒரு நேர்மையான வழிமுறை வேண்டும். சங்கங்களும் இதற்கு உடன்பட வேண்டும் என்று சங்க உறுப்பினராகவே சொல்கிறேன். நீங்கள் பெற்றோராக இருந்தால், அடுத்த கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதற்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: இந்த மாதம் எத்தனை வகுப்புகளில் முழு நேரம் உட்கார்ந்தீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள்?