நாலு தடவை படித்தும் டெஸ்டில் ஏன் வருவதில்லை?

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பிரிவில் தமிழ் வழியில் படிக்கிறேன். தினமும் மாலை மூன்று மணி நேரம் புத்தகத்தோடு உட்காருகிறேன். ஒரு பாடத்தை நாலு தடவையாவது படித்துவிடுவேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, முக்கியமான வரிகளில் மஞ்சள் மார்க்கரும் போடுகிறேன். ஆனால் டெஸ்டில் வினாத்தாளைக் கையில் வாங்கினால் தலைப்பு மட்டும்தான் நினைவிருக்கிறது, உள்ளே என்ன இருந்தது என்று வருவதில்லை. படிக்கும் வேகமும் எனக்குக் குறைவு. வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா? கல்லூரிக்குப் போனால் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதும் பயமாக இருக்கிறது.

பதில்: தமிழில் ‘படித்தேன்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பக்கத்தை வாசித்தேன் என்பதும் அதுதான், பாடத்தைக் கற்றுக்கொண்டேன் என்பதும் அதுதான். நீங்கள் நாலு தடவை செய்தது முதல் வேலை. இரண்டாவது வேலை இன்னும் தொடங்கவில்லை. நினைவாற்றலில் குறை என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. முறையில்தான் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய படி.

கல்யாண வீட்டில் எதிரே வருபவரை நன்றாகத் தெரியும், சிரித்துப் பேசுகிறோம், பெயர் மட்டும் நாக்குக்கு வராது. முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பது வேறு, முகம் எதிரில் இல்லாதபோது பெயரை எடுத்துச் சொல்வது வேறு. இரண்டாவது, மூன்றாவது தடவை படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன, கண் தடையில்லாமல் ஓடுகிறது. அந்தச் சுலபத்தை மனம் ‘தெரிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. டெஸ்டில் புத்தகம் எதிரில் இல்லை. அங்கே தேவைப்படுவது எடுத்துச் சொல்லும் திறன். அதை நீங்கள் ஒரு நாளும் பழகவில்லை.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்து 7 நிமிடம் படிக்கச் சொன்னார்கள். அடுத்த 7 நிமிடம் ஒரு முறையில் அதையே திரும்பப் படித்தார்கள். இன்னொரு முறையில் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிருப்பதை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தது முன்னால் நின்றது: கட்டுரையில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது. திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56. இரவில் படித்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், டெஸ்ட் நாளில் காணாமல் போவதும் இதனால்தான்.

இனி எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். உங்கள் விலங்கியல் புத்தகத்தின் ‘கழிவு நீக்கம்’ பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதல் 5 நிமிடம் எதையும் வரிவரியாகப் படிக்காதீர்கள். துணைத் தலைப்புகள், படங்கள், அட்டவணைகள், கடைசியில் உள்ள மதிப்பீட்டு வினாக்கள், இவற்றை மட்டும் புரட்டுங்கள். வினாக்களைப் பாடம் முடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்னதாகப் பார்த்தால் எதைத் தேடிப் படிக்கிறோம் என்பது தெரியும். பிறகு ஒரு தாளில் உங்கள் சொந்தக் கேள்வி மூன்று எழுதுங்கள். ‘நெஃப்ரான் என்றால் என்ன?’ போன்ற கேள்விக்குப் பலன் குறைவு. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள். சிறுநீரகங்களில் இரத்தத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு 125 மில்லி லிட்டர் திரவம் வடிகிறது என்று புத்தகம் சொன்னால், 24 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். 180 லிட்டர் வரும். நாம் வெளியேற்றும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான். மிச்சம் எங்கே போனது? இந்தக் கேள்வியோடு உள்ளே போனால் ‘மீள உறிஞ்சுதல்’ என்ற பகுதி தானாகவே ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அது நீங்கள் தேடிக்கொண்டிருந்த விடை.

அடுத்து, ஒரு துணைத் தலைப்பு வரை மட்டும் படியுங்கள். அரைப் பக்கம், அதிகம் போனால் ஒரு பக்கம். கையில் மார்க்கர் வேண்டாம். பத்தி முடிந்ததும் ஒரு ‘ஏன்’ கேளுங்கள். கிளாமருலஸ் என்பது சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்நாள முடிச்சு. அதிலிருந்து வெளியேறும் நுண்தமனி உள்ளே வரும் நுண்தமனியைவிடக் குறுகலாக இருக்கிறது. ஏன்? வெளியேறும் வழி குறுகினால் உள்ளே அழுத்தம் கூடும், அந்த அழுத்தம்தான் வடிகட்டுகிறது. காரணம் பிடிபட்ட வரி எளிதில் மறக்காது. மனப்பாடம் செய்த வரியில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நின்றுவிடும்.

இப்போது புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் இரண்டு மூன்று நிமிடம், படித்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள். படம் இருந்தால் பார்க்காமல் கோட்டுப்படமாக வரைந்து பாகங்களைக் குறியுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. எழுதப் பிடிக்காவிட்டால் எதிரில் தம்பியோ தங்கையோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். நினைத்துக்கொள்வது மட்டும் போதாது, மனத்துக்குள் ஓட்டும்போது தெரியாத இடங்களை நாமே தாண்டிவிடுவோம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பானதையும் சிவப்பு மையில் சேருங்கள். அந்தச் சிவப்பு வரிகள்தான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டிய பகுதி. முழுப் பாடத்தையும் மறுபடி படிக்கும் வேலை இதோடு போய்விடும்.

பெரும்பாலான மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். முதல் நாள் தாளில் நாலு வரிதான் வரும். ‘எனக்கு இது சரிப்படாது’ என்று உடனே பழைய முறைக்குப் போய்விடுகிறார்கள். நாலு வரிதான் வருகிறது என்பது அந்த முறையின் தோல்வி கிடையாது. நாலு தடவை படித்ததன் உண்மையான அளவு இப்போதுதான் கண்ணில் படுகிறது, அவ்வளவே. வராதபோது உடனே திறந்து பார்ப்பதும் தவறு. ஒரு முப்பது நொடியாவது யோசியுங்கள், அந்தத் தேடலில்தான் பலன். மூன்றாவது தவறு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்ஸ் எழுதுவது. கை வலிக்கும், நோட்டு நிரம்பும், உழைத்த திருப்தியும் வரும். ஆனால் அது பிரதி எடுக்கும் வேலை.

மார்க்கரைப் பற்றி ஒன்று. 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் சக உளவியலாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து தரம் பிரித்தார்கள். அடிக்கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பலன் தரும் வரிசையில் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல் வரிசையில். மார்க்கர் போட்டே ஆக வேண்டுமென்றால் மூடி எழுதிப் பார்த்த பிறகு போடுங்கள், நீங்கள் தவறவிட்ட வரிக்கு மட்டும்.

உங்கள் புத்தகத்தின் நீள வாக்கியங்களுக்குத் தனியாக ஒரு வழி உண்டு. இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “கிளாமருலஸில் உள்ள இரத்த அழுத்தத்தால் உந்தப்பட்டு, நுண்நாளச் சுவரின் துளைகள் வழியே வெளியேறும், இரத்த செல்களும் பெரிய புரதங்களும் நீங்கலான திரவமே வடிதிரவம் எனப்படும்.” தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். எது நடக்கிறது என்று தெரிவதற்குள் மூன்று அடைமொழிகளைத் தலையில் சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. பாதி வழியில் ஒன்று கீழே விழுந்துவிடும். அதனால் வாலைப் பிடியுங்கள். ‘வடிதிரவம் எனப்படும்’ என்று முடிகிறது, ஆக இது ஒரு வரையறை. எது வடிதிரவம்? ‘திரவமே.’ இப்போது அடைமொழிகளைத் தனித்தனி வாக்கியமாக உடையுங்கள். இரத்த அழுத்தம் அதை உந்துகிறது. அது துளைகள் வழியே வெளியேறுகிறது. அதில் இரத்த செல்களும் பெரிய புரதங்களும் இல்லை. மூன்று சிறு வாக்கியம், மூன்று தகவல். ஐந்து மதிப்பெண் விடையிலும் இப்படியே எழுதலாம். திருத்துபவருக்கும் தெளிவாக இருக்கும்.

கலைச்சொற்களும் இப்படித்தான். தமிழ்க் கலைச்சொல்லில் பெரும்பாலும் பொருள் உள்ளேயே இருக்கிறது. வினைவேக மாற்றி என்றால் வினையின் வேகத்தை மாற்றுவது. ஒளிச்சேர்க்கை என்றால் ஒளியைக் கொண்டு சேர்ப்பது. பிரித்துப் பார்க்காமல் ஓசையாக மனப்பாடம் செய்பவர்களுக்குத்தான் அது கடினம். ஒரு நோட்டில் பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: தமிழ்ச் சொல், அதன் ஆங்கிலச் சொல், உங்கள் மொழியில் ஒரு வரி விளக்கம். ஒரு பாடத்துக்குப் பதினைந்து சொல் போதும். கைடுக்குக் கைடு சொல் மாறும். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி விட்டுப் படிப்பதற்குப் பெரிய அட்டவணை எதுவும் வேண்டாம். திங்கள் மாலை படித்ததை செவ்வாய் மாலை, வெள்ளி, அடுத்த வெள்ளி என மூன்று முறை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் வெற்றுத் தாள், பிறகே புத்தகம். கொஞ்சம் மறந்த பிறகு எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது. ஒரே இரவில் மூன்று தடவை பார்ப்பதைவிட இது நிற்கும்.

வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பணத்தை மிச்சப்படுத்துங்கள். வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். கண்ணசைவைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த கீத் ரேனரும் மற்றவர்களும் 2016-இல் எழுதிய கட்டுரை, வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும் என்பதைத்தான் காட்டுகிறது. ஆங்கிலத்தில் கட்டுரை நூல்களை மனத்துக்குள் வாசிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று மார்க் பிரிஸ்பேர்ட் 2019-இல் கணக்கிட்டார். அதைத் தமிழோடு ஒப்பிட்டு நீங்கள் கவலைப்படக் கூடாது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஏழெட்டுச் சொல் வேண்டும். சொல் எண்ணிக்கையில் தமிழ் வாசகர் எப்போதுமே மெதுவாகத்தான் தெரிவார்.

உதடு அசைவதும், வரிக்குக் கீழே விரலை ஓட்டுவதும் குறைகள் கிடையாது, கடினமான பகுதியில் உதவவே செய்யும். பாடச் சொற்கள் பழகப் பழக வேகம் தானே கூடும். சோதிக்க விரும்பினால் புதிய பகுதி ஒன்றை 3 நிமிடம் படித்து வரிகளை எண்ணுங்கள், பிறகு நண்பரை அதிலிருந்து ஐந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நாலுக்குக் குறைவாக விடை வந்தால் அந்த வேகம் உங்களுக்கு அதிகம். எழுத்துகள் மங்குகின்றன, தலை வலிக்கிறது என்றால் முதலில் கண் பரிசோதனை. சிறு வயதிலிருந்தே எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன, எழுத்துக் கூட்டுவதே சிரமம் என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு மருத்துவச் சான்றோடு உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு.

ஆங்கில பயத்துக்கு இப்போதே வழி இருக்கிறது, செலவும் இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகம் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும் ஒரே பாடத்தைத்தான் அச்சிடுகிறது. ஆங்கில வழிப் புத்தகத்தின் பிடிஎஃப் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் படித்து, மூடி எழுதிப் பார்த்த பகுதியை மட்டும் அதே நாள் ஆங்கிலத்தில் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு துணைத் தலைப்பு, 15 நிமிடம். படத்தின் பாகப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள், அவை உங்கள் மூன்று பத்தி நோட்டிலேயே இருக்கும். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழியை மட்டும் கவனித்தால் போதும். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் வாலைப் பிடித்த நீங்கள் அங்கே தலைப்பக்கம் பிடிக்க வேண்டும்.

தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி புரட்டாதீர்கள், மூன்று தடவை எதிர்ப்படும் சொல்லுக்கு மட்டும் பாருங்கள். நூறு சொல் கொண்ட ஒரு பத்தியில் தெரியாதவற்றை எண்ணுங்கள். இரண்டுக்குள் இருந்தால் துணையில்லாமலே படிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் தமிழ்ப் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் மூன்று மணி நேரத்தை இனி இப்படிப் பிரிக்கலாம். முதல் 20 நிமிடம் பழைய பாடங்களுக்கான வெற்றுத் தாள். பிறகு இரண்டு பாடங்களுக்கு 50 நிமிடம் வீதம், இடையில் எழுந்து நடக்க 10 நிமிடம். ஆங்கிலப் பக்கத்துக்கு 15. மீதி நேரம் கணக்கு, வீட்டுப்பாடம். செல்பேசி வேறு அறையில் இருக்கட்டும். அடுத்த டெஸ்டுக்கு இரண்டு வாரம் இருந்தால், ஒரே ஒரு பாடத்தில் மட்டும் இந்த முறையைச் செய்து, மற்றப் பாடங்களை வழக்கம்போலப் படியுங்கள். திருத்திய தாள் வந்ததும் எந்தப் பாடத்துக் கேள்விகளில் எவ்வளவு மதிப்பெண் விழுந்தது என்று தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்.