பழைய நாவலுக்குச் சலுகை உண்டா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன மாதம் ஆர்.கே. புரத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் உங்கள் பேச்சைக் கேட்டேன். ஆதவனின் 'காகித மலர்கள்' பற்றி அரை மணி நேரம் உருகிப் பேசினீர்கள். அப்புறம் இப்போதைய நாவல்களுக்கு வந்ததும், "பாதி நாவல்கள் ஆய்வேடு மாதிரி இருக்கின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

என் மகள் தில்லிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பள்ளியில் படித்த தமிழை விடாமல் வைத்திருப்பவள். நீங்கள் பேசியதைக் கேட்டு அவளிடம் 'காகித மலர்கள்' கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "இவங்க எல்லாரும் தங்களைப் பத்தியே யோசிச்சுட்டு இருக்காங்கம்மா. இந்த ஊர்ல வேற யாருமே இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய புத்தகம் என்பதற்காகவே நாம் சலுகை காட்டுகிறோமா?

இன்னொன்று. சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'குருதிப்புனல்' நாவலைப் போகிற போக்கில் "பாதி நாவல்" என்றீர்கள். பெரியவர்கள் எழுதியதை அப்படிச் சொல்வது முறையா? எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது வருகிறவற்றில் என் மகள் எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மயூர் விகார், தில்லி


அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. அந்த நாவலை ஐந்தாறு முறை படித்தவர்கள்கூட அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

'காகித மலர்கள்' 1977இல் வந்தது. தில்லியில் ஒரு பெரிய அதிகாரியின் குடும்பம், மூன்று மகன்கள். கதை என்று சுருக்கிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பேசும்போதே தன் பேச்சைத் தானே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று கணக்குப் போடும் மனிதர்களை ஆதவனுக்கு முன்னால் தமிழில் இவ்வளவு நெருக்கமாக யாரும் எழுதவில்லை. அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி, வீட்டில் தமிழ் என்று மாறி மாறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வைத்துக்கொண்ட தில்லித் தமிழனை அவர் உள்ளேயிருந்து பார்த்தார். கைபேசியில் தன் படத்தைத் தானே எடுத்து நாலு தடவை திருத்திப் போடும் தலைமுறைக்கு அது அன்னியமாக இருக்காது என்று நினைக்கிறேன். அவர்கள் தங்களைப் பற்றியே யோசிப்பது அந்த நாவல் எழுதப்பட்ட காரணம்.

குறையும் உண்டு. அதில் அப்பா, பிள்ளைகள், நண்பர்கள் எல்லாருக்குள்ளும் ஒரே மூளைதான் ஓடுகிறது. எல்லாருமே ஒரே அளவு கூர்மையோடு தங்களை அலசுகிறார்கள். அப்படி ஒரு குடும்பம் கிடையாது. இருநூறு பக்கத்துக்கு மேல் எனக்கு மூச்சு முட்டும். ஆதவனின் சிறுகதைகளில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் ஒரு கதைக்கு ஒரு மனம் போதும். 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் அவர் இறந்தபோது வயது 45. அதற்குப் பிறகுதான் 'முதலில் இரவு வரும்' தொகுப்புக்கு அகாதெமி விருது வந்தது. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் அந்த ஒற்றை மூளையை அவரே உடைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

அடுத்து 'குருதிப்புனல்'. காரணம் கேட்டிருக்கிறீர்கள், கேட்பது உங்கள் உரிமை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும் சங்கம் வைத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். ஏழே வருஷத்தில், 1975இல், இந்திரா பார்த்தசாரதி அதை நாவலாக எழுதினார். அந்தத் துணிச்சலுக்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது. தில்லியிலிருந்து கிராமத்துக்குப் போய்த் தங்கும் கோபால், அவனைத் தேடி வரும் சிவா இருவரும் பேசிக்கொள்ளும் இடங்களில் படித்தவனின் கையாலாகாத்தனம் அப்படியே தெரிகிறது.

ஆனால் பண்ணையார் நாயுடுவிடம் வரும்போது நாவல் இடறுகிறது. அவருடைய கொடூரத்துக்கு ஆண்மைக் குறைவு ஒரு காரணமாக வைக்கப்படுகிறது. நெல், கூலி, சாதி, போலீஸ் எல்லாம் கண்ணெதிரில் இருக்கும்போது காரணம் படுக்கையறைக்குள் போய் முடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட குறை எதுவும் இல்லாமல், நிம்மதியாகக் குடும்பம் நடத்திக்கொண்டே அதே கொடுமையைச் செய்த நிலச்சுவான்தார்களை என்ன சொல்வது? அவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். பாதி நாவல் என்று நான் சொன்னது இதனால்தான், இன்றும் அதையே சொல்வேன். அதே இ.பா. எழுதிய 'ஹெலிகாப்டர்கள் கீழே இறங்கிவிட்டன' எனக்கு இதைவிட மேலான நாவல். தில்லியில் நடுவயது அதிகாரி அமிர்தம், எப்போதோ இழந்த நித்யாவைப் பானு என்ற இளம்பெண்ணிடம் தேடிக்கொண்டு அலைகிறார். நமக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. இது இப்படிப்பட்ட ஆள் என்று ஆசிரியர் எங்கேயும் முத்திரை குத்தவில்லை.

எனக்கு இது ஒன்றுதான் அளவுகோல் அம்மா. ஆசிரியர் முடிவு செய்து வைத்ததை மீறிக் கதையில் வரும் ஆள் தானாக நடக்கிறாரா என்று பார்ப்பேன். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலில் ரங்கண்ணா நடக்கிறார். பாபு அவரிடம் பாட்டுக் கற்கும் அத்தியாயங்களுக்காக மட்டுமே அந்தத் தடிப் புத்தகத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுப்பேன். அதே ஜானகிராமனின் 'மரப்பசு' நாவலில் அம்மணி நடக்கவே இல்லை. கட்டற்ற பெண் என்ற ஒரு எண்ணத்தை ஆசிரியர் பேச வைத்துக்கொண்டே போகிறார். தி.ஜா. மேல் எனக்குள்ள பிரியம் இந்த அபிப்பிராயத்தை மாற்றவில்லை.

உங்கள் மகளின் கேள்வியில் இரண்டாவது பாதி இருக்கிறதே, இந்த ஊரில் வேறு யாருமே இல்லையா என்பது, அது ஆதவன் ஒருவரிடம் கேட்க வேண்டியது அல்ல. தில்லித் தமிழ்ப் புனைகதையை எழுதியவர்கள் பெரும்பாலும் மத்திய அரசு வேலைக்காகவோ கல்லூரி வேலைக்காகவோ வந்தவர்கள். 1965இல் 'கணையாழி' இலக்கிய இதழ் இங்கேதான் தொடங்கியது. அந்த வட்டம் தனக்குத் தெரிந்த தில்லியை எழுதியது, நன்றாகவே எழுதியது. அதே காலத்தில் ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையில் இன்னொரு தமிழ் ஊர் வளர்ந்துகொண்டிருந்தது. மதராசி கேம்ப். பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். சுற்றியுள்ள காலனி வீடுகளில் வேலை செய்த பெண்கள், லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளைகள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே இருந்தவர்கள். 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவுப்படி அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு என்றார்கள், அதுவும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். காலையில் ஆறு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்கப் போகிற பெண் நரேலாவிலிருந்து எப்படி வருவாள்?

நான் படித்த தமிழ் நாவல்களில் அந்தக் கரையில் வாழ்ந்த ஒருவரைக்கூட மையமாகச் சந்தித்ததில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிற விஷயம். அலுவலகத் தமிழர்களை எழுத நமக்கு ஆதவனும் இ.பா.வும் இருந்தார்கள். ஜங்புராக்காரர்களை எழுத அங்கே வளர்ந்த ஒருவர்தான் வர வேண்டும். தமிழிலோ இந்தியிலோ, எதில் எழுதினாலும் சரி.

சரி, இன்றைய நாவல்கள். ஆய்வேடு என்று நான் சொன்னதை விளக்குகிறேன். ஒரு சாதியின் நூறு வருஷ வரலாறு, நாலு தலைமுறை, அறுநூறு பக்கம் என்று நிறைய வருகிறது. உழைப்பு தெரிகிறது. எந்த வருஷம் எந்த அணை கட்டினார்கள், எந்தக் கலெக்டர் என்ன உத்தரவு போட்டார், எல்லாம் உண்டு. ஆனால் கிழவி வாயைத் திறந்தால் அரசிதழ் பேசுகிறது. தகவல் தப்பு என்று நான் சொல்லவில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் வந்த சின்ன நாவல். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் முழுவதும் அதில் இருக்கிறது, ஒரு புள்ளிவிவரம்கூட இல்லாமல். ஜமுனா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதிலேயே அத்தனையும் தெரிந்துவிடும். ஆராய்ச்சி செய்து எழுதுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தாண்டிய நாவல்களும் நம் காலத்தில் வந்திருக்கின்றன, அதனால்தான் எனக்கு நம்பிக்கை போகவில்லை. இமையத்தின் 'செல்லாத பணம்' அப்படி ஒன்று. பொறியியல் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டின் வாசலில் காத்திருப்பதுதான். தலைமையாசிரியரான அப்பாவிடம் பணம் இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மனுஷர்கள் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். மோசமான மாப்பிள்ளை என்று ரவியை ஒரு வரியில் தள்ளிவிடவும் அந்த நாவல் நம்மை விடுவதில்லை.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' இன்னும் சின்னது. கொங்குப் பகுதி நாவிதர் குடும்பம் ஒன்றில் காரு மாமாவின் சாவுக்கு உறவுகள் வந்து கூடுகிறார்கள். 2023இல் அகாதெமி விருது பெற்றது. அதில் கோபம் இருக்கிறது, ஆனால் யாரும் அதைச் சொற்பொழிவாகப் பேசவில்லை. வட்டார வழக்கு முதல் முப்பது பக்கம் உங்கள் மகளுக்குக் கடினமாக இருக்கலாம். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள்.

தில்லியில் வளர்ந்த பெண் என்பதால் கீதாஞ்சலி ஸ்ரீயின் 'ரேத் சமாதி' நாவலை இந்தியிலேயே படிக்கலாம், மொழிபெயர்ப்புக்குப் போக வேண்டாம். கணவன் இறந்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடும் 80 வயது அம்மா, அப்புறம் எழுந்து பாகிஸ்தான் எல்லைவரை போய், எல்லையையும் தாண்டுகிறாள். காக்கைகள் கூடிப் பேசும் பகுதி என் பொறுமையைச் சோதித்தது, அதைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு வீடே தவிக்கும் முதல் பகுதிக்கு ஈடாக அண்மையில் நான் எதையும் படிக்கவில்லை. உங்கள் மகள் 'செல்லாத பணம்' முதலில் படிக்கட்டும், இதை அடுத்து எடுக்கட்டும். காக்கைகளைப் பற்றி அவள் வேறு மாதிரி நினைத்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், இந்தியில் எழுதினாலும் பரவாயில்லை.

அன்புடன்