மறுமொழி: தேயிலை நாற்றில் கறுப்பு அழுக்கணவன், புது இனமா?

பொகவந்தலாவையில் தேயிலை நாற்றுகளின் கொழுந்தில் மினுங்கும் கறுப்பு அழுக்கணவன் (செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி) கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யாரும் பெயர் வைக்காத இனமோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை, தேயிலைக்கு வழக்கமாக வரும் ஏபிஸ் ஓரன்டியாகத்தான் பெரும்பாலும் இருக்கும், அதற்கு 1841லேயே பெயர் வைத்தாயிற்று.

சந்தேகம் தீர நல்ல லென்ஸ் ஒன்று எடுத்துப் பாருங்கள். உடல் சுமார் 2 மில்லிமீற்றர், பின்பக்கம் இரண்டு கறுப்புக் குழாய், நடுவில் கறுப்பு வால், உணர்கொம்பில் கறுப்பும் வெளிறலும் மாறி மாறி. சிறகு முளைத்தது ஒன்று கிடைத்தால் வேலை சுலபம்: முன்சிறகின் ஓரத்தில் கருந்திட்டு இருக்கும், நடு நரம்பு வழக்கமாக ஒரு தடவைதான் கிளை பிரியும். தோடை, எலுமிச்சையில் வரும் இன்னொரு கறுப்பு இனத்துக்கு அந்தத் திட்டு வெளிறியிருக்கும், நரம்பும் இரண்டு தடவை பிரியும். அப்புறம் ஒரு வேடிக்கை, கூட்டம் பெரிதென்றால் கிளையைத் தட்டிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள், பின்காலை வயிற்றில் உரசிச் சுரண்டுகிற மாதிரி சத்தம் போடும்.

இதெல்லாம் பொருந்தவில்லையா? சரி, முதலில் உயிரோடு படம் எடுங்கள், அல்ககோலில் போட்டால் நிறம் போய்விடும். பிறகு சிறகுள்ளது, இல்லாதது இரண்டையும் 70 வீத அல்ககோலில் போட்டு, செடி, இடம், திகதி எழுதித் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். புது இனம் என்று சொல்ல நிறம் மட்டும் போதாது, கண்ணாடித் தகட்டில் ஏற்றி உணர்கொம்பின் ஒவ்வொரு கணுவையும், குழாய்க்கும் வாலுக்கும் உள்ள நீள விகிதத்தையும் அளக்க வேண்டும்.