ஓடுகிற கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். ஐந்து கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 10-லும், டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டா இருக்கும் ஒன்று விண்டோஸ் 7-லும் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் ஆபீஸ் 2016. ஒரு கோளாறும் இல்லை. சர்வீஸ்காரர் ஆறையும் மாற்றச் சொல்கிறார். அவசியமா?

பதில்: ஆறையும் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் அந்த விண்டோஸ் 7-ஐ இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.

அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ல் நின்றுபோயின. விண்டோஸ் 10, ஆபீஸ் 2016 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14 கடைசி. விண்டோஸ் 11-ல் மாதாமாதம் அடைக்கப்படும் ஓட்டைகளில் பல பழைய பதிப்பிலும் இருப்பவை. திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தாலே ஓட்டை எங்கே என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், மார்ச்சில் வந்த திருத்தத்தைப் போடாத கம்ப்யூட்டர்களில்தான் நுழைந்தது. யாரும் எதையும் க்ளிக் செய்யாமலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. உங்கள் கடையிலோ, கணக்கு முழுக்க இருப்பதே அந்த விண்டோஸ் 7-ல்தான்.

மற்ற ஐந்திலும் மைக்ரோசாஃப்டின் இலவச 'பிசி ஹெல்த் செக்' போட்டுப் பாருங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 ஏற்கும். ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் மாறக் காசு கிடையாது. 'டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) இல்லை' என்று வந்தால் உடனே புதுசு வாங்கிவிடாதீர்கள். பல போர்டுகளில் அது பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்பு) அணைந்தே கிடக்கும்: இன்டெலில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள். பயாஸ் 'லெகசி' என்ற பழைய முறையில் இருந்தால் முதலில் டிஸ்க்கின் பிரிவு அமைப்பை எம்பிஆர் என்ற பழைய வகையிலிருந்து ஜிபிடி என்ற புது வகைக்கு மாற்றிவிட்டுத்தான் யூஇஎஃப்ஐ என்ற புது முறைக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் விண்டோஸ் பூட் ஆகாது.

விண்டோஸ் 11-க்குத் தேறாத விண்டோஸ் 10 மெஷினை, கடைசி தேதிக்குப் பிறகும் காசுக்குக் கிடைக்கும் நீட்டிப்புத் திருத்தம் வாங்கி ஓட்டலாம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பு, மூன்று ஆண்டோடு சரி. பழைய மெஷினுக்கு அவ்வளவு கொட்டுவது எங்கள் கணக்கில் வீண்.

ஆபீஸ் 2016-க்குப் பதிலாக ஆபீஸ் 2024 வாங்கினால் 'ஹோம் அண்ட் பிசினஸ்' பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் 'ஹோம்' கடைக்கு உரியதல்ல. சில நூறு ரூபாய்க்கு 'கீ' (உரிம எண்) மட்டும் விற்பவரிடம் போகாதீர்கள். கடையின் ஜிஎஸ்டி எண் போட்ட பில் இருந்தால்தான் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியும்.

மாற்றும் வேலையை 20-ம் தேதி 3பி (மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு) தாக்கல் முடிந்தபின் தொடங்குங்கள். டேலி ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து கடைசி பில் எண்ணைச் சரிபார்த்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை மாற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரையும் (கருவியை இயக்கும் மென்பொருள்) புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வேலை செய்யுமா?

பதில்: விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே இல்லை, 32 பிட் டிரைவரும் ஓடாது. மாற்றும் முன்பே உங்கள் மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். புது போர்டுகளில் பெரும்பாலும் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் கேபிளைச் சொருகும் இடம்) இருக்காது, யூஎஸ்பி மாற்றுக் கேபிள் தேவைப்படும். வாங்கும் கடையிலேயே ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.