வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ், செவ்வாய்க்கிழமை போன்

கேள்வி: அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் (சிகிச்சையை பில்லுக்கான எண்ணாக மாற்றுவது) செய்யும் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) நோயாளி வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனார். நர்ஸ் செவ்வாய்க்கிழமைதான் போன் செய்திருக்கிறார். டாக்டர் பார்த்தது அதற்கும் அடுத்த திங்கள், மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும் வெளிநோயாளர் கிளினிக்கில். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 30 நாள் கவனிப்புக்கான கோடுகளில், சிக்கலான கேஸ் என்பதால் 99496 போட்டேன், பார்த்த இடத்துக்கான கோடாக 11 போட்டேன். ஆடிட்டில் இரண்டுமே தப்பு என்று வந்துவிட்டது. போன் தாமதமானதுதான் காரணமா?
- வாசகி, கோவை

பதில்: பாவம், அந்த நர்ஸை விட்டுவிடுங்கள். போனுக்குக் கெடு டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டு வேலை நாட்கள். சனி, ஞாயிறு கணக்கில் வராது. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, சரியாகத்தான் செய்திருக்கிறார்.

நீங்கள் வழுக்கியது டாக்டர் பார்த்த நாளில். போனுக்கு வேலை நாள், நேரில் பார்ப்பதற்குக் காலண்டர் நாள் என்று ஒரே விதியில் இரண்டு விதமாக எண்ண வேண்டியிருப்பதால், புதிதாக வருபவர்கள் எல்லாருமே இங்கே ஒரு தடவையாவது மாட்டிக்கொள்வார்கள் (நானும்தான்). வெள்ளியிலிருந்து அந்தத் திங்கள் வரை எண்ணினால் 10 நாள். 99496-க்கு 7 நாளுக்குள் பார்த்திருக்க வேண்டும். கேஸ் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் 7 தாண்டிவிட்டால் 99495தான், அதற்கு 14 நாள் வரை இடமுண்டு. மருந்துப் பட்டியலைச் சரிபார்த்தது டாக்டர் பார்த்த நாளிலோ அதற்கு முன்போ பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், அது இல்லாவிட்டால் 99495-உம் நிற்காது.

அப்புறம் இடம். 11 என்றால் டாக்டரின் சொந்த ஆபீஸ். மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு அந்த வளாகத்துக்குள் இருந்தால் 22, வெளியே தனியாக இருந்தால் 19. இது வெறும் எண் இல்லை, பணம். 11 போட்டால் வாடகை, ஊழியர் செலவு எல்லாம் சேர்த்து டாக்டருக்கே மெடிகேர் கூடுதலாகக் கொடுக்கும். 22-இல் அந்தச் செலவு மருத்துவமனையுடையது, அதற்கு மருத்துவமனை தனியாக பில் போடும், டாக்டருக்குக் குறைந்த கட்டணம். நீங்கள் 11 போட்டதால் ஒரே செலவுக்கு இரண்டு பேரும் காசு கேட்டது போல் ஆகிவிட்டது. நோயாளிக்கும் இரண்டு பக்கமும் பங்குத்தொகை வரும் என்பதால், ஒரே விசிட்டுக்கு ஏன் இரண்டு பில் என்று அவர் கோபப்பட்டால் அது நியாயம்தான், ஆனால் விதி அப்படி.

கேள்வி: இரண்டு தடவை அழைத்தும் நோயாளி போனை எடுக்கவில்லை என்றால்? டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய கவனிப்புக்கான அந்த 30 நாள் முடிந்த பிறகுதான் பில் போட வேண்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: இரண்டு வேலை நாளுக்குள் இரண்டு முறை தனித்தனியாக முயன்றதற்குப் பதிவு இருந்தால் போதும், மற்ற நிபந்தனைகள் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். “தொடர்பு கொள்ள முயன்றோம்” என்ற ஒற்றை வரியை நம்பாதீர்கள், தேதியும் நேரமும் கேட்டு வாங்குங்கள். 30 நாள் காத்திருக்கும் வழக்கம் 2016-லேயே போய்விட்டது, டாக்டர் நேரில் பார்த்த தேதியைப் போட்டு அப்போதே அனுப்பலாம். அந்த 30 நாளுக்கு ஒரே ஒருவருக்குத்தான் பணம், முதலில் வந்து சேரும் பில்லுக்கு, அதனால் தாமதிக்கவும் வேண்டாம். ஆனால் 30 நாள் முடிவதற்குள் நோயாளி இறந்துவிட்டால் இந்தக் கோடு செல்லாது, அன்றைய விசிட்டைச் சாதாரண விசிட்டாக மாற்றிப் போட வேண்டும்.