மாவு பிசையும் மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காணொளியில் சொன்னபடியே 500 கிராம் மைதாவுக்கு 5 கிராம் ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்துப் பிசைந்து ஒன்றரை மணி நேரம் மூடி வைத்தேன். மாவு பொங்கி, பிறகு அமுங்கிவிட்டது. பன்னில் புளித்த வாடை. ஈஸ்ட் கெட்டுப்போனதா?
- வாசகி, வேலூர்

பதில்: ஈஸ்ட் மிக நன்றாக இருக்கிறது. அதனால்தான் இந்த வேகம். இத்தகைய செய்முறைகள் பெரும்பாலும் 22, 23 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சமையலறைகளில் எழுதப்படுகின்றன. சித்திரை மாதத்து வேலூர் அடுப்பங்கரைக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பொருந்தவே பொருந்தாது. இட்லி மாவை மார்கழியில் இரவு முழுக்க வெளியே வைக்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் அதே மாவு நாம் தூங்குவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிகிறது. இந்த அறிவு உங்கள் கையிலேயே இருக்கிறது. பன் என்றதும் அதை ஒதுக்கிவிட்டு யாரோ சொன்ன நேரத்தை நம்புவானேன்?

ஈஸ்ட்டைப் பாதியாகக் குறையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டாம். பானைத் தண்ணீரோ, குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரோ போதும். பிசையும்போதே மாவு சூடேறும் என்பதை மறக்காதீர்கள். உப்பு 10 கிராம் இருக்கட்டும். அதைக் குறைத்தால் ருசி போவதோடு, ஈஸ்ட்டுக்குக் கடிவாளமும் போய்விடும்.

பிசைந்த மாவை நேரான சுவருள்ள டப்பாவில் போட்டு, அது நிற்கும் உயரத்தில் வெளியே ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். இரட்டிப்பானதும் விரலில் உலர்ந்த மாவைத் தொட்டுக்கொண்டு அரை அங்குலம் அழுத்திப் பாருங்கள். பள்ளம் சட்டென்று மேலே வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மெதுவாகப் பாதி வரை எழும்பி நின்றால் அதுதான் பதம். பள்ளம் அப்படியே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது. கடந்தாலும் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். மெல்லிய ரொட்டியாகத் தட்டித் தோசைக்கல்லில் சுடலாம். ஒரு கைப்பிடி எடுத்து அடுத்த முறை பிசையும் புது மாவில் சேர்த்தால் வாசனை கூடும்.

வெயில் காலத்தில் நான் பன் மாவை இரவில் பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். நாலைந்து டிகிரியில் மாவு நிதானமாக ஊறி எழும்பும். விடிந்ததும் உருட்டிச் சுட வேண்டியதுதான்.

கேள்வி: ஜப்பானியரின் தகோயாக்கி வேண்டும் என்கிறாள் மகள். அதற்குத் தனிக் கல் வாங்க வேண்டுமா? நாங்கள் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை.
- வாசகி, காரைக்குடி

பதில்: காரைக்குடியில் இருந்துகொண்டு கல் வாங்குவதா! உங்கள் பணியாரக்கல்லே போதும்.

ஒசாகா நகரத்தில் 1930-களில் தோன்றிய தெருத் தின்பண்டம் இது. மைதா, முட்டை, கடற்பாசியும் உலர்ந்த மீனும் போட்டு இறக்கிய சாறு, உள்ளே வேகவைத்த ஆக்டோபஸ் துண்டு ஒன்று. சைவத்துக்கு, உலர்ந்த ஷீட்டாக்கே காளானை ஊறவைத்த தண்ணீர் அந்தச் சாற்றின் இடத்தை நன்றாகவே நிரப்பும். ஜப்பானியச் சமையலிலேயே அந்தப் பழக்கம் உண்டு. உள்ளே வைக்கக் காளான் துண்டு, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், இஞ்சி, வெங்காயத்தாள்.

முட்டை கலந்தால் மாவு மோர் போல ஓடலாம். உங்களுக்கு அது தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருந்தால் போதும். பிடிப்புக்கு ஒரு கரண்டி சோள மாவு சேருங்கள்.

சுடும் முறைதான் முக்கியம். பணியாரத்தை ஒரே குத்தில் முழுக்கத் திருப்புவோம். இதை அப்படிச் செய்யக் கூடாது. குழி நிறைந்து விளிம்பிலும் வழியும்படி ஊற்றுங்கள். அடி பிடித்ததும் குச்சியால் குழிகளுக்கு நடுவே வெட்டி, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். வேகாத மாவு சரிந்து கீழே இறங்கும். விளிம்பில் வழிந்ததையும் உள்ளே தள்ளிவிடுங்கள். நம் குழி அகலம், ஆழம் குறைவு. ஆகவே இந்த நிலையில் இன்னும் ஒரு சிறு கரண்டி மாவு ஊற்ற வேண்டும். மறுபடி கால் சுற்று. இப்படித் திருப்பத் திருப்ப உருண்டை தானாக வரும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கூழ்ப்பதம். உள்ளே இளகி இருப்பதைப் பார்த்து வேகவில்லை என்று வாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: சீனர்களின் வெங்காயத்தாள் ரொட்டி சுட்டேன். ஆறியதும் தோல் மாதிரி இழுக்கிறது.
- வாசகர், திருப்பூர்

பதில்: பச்சைத் தண்ணீரில் பிசைந்திருப்பீர்கள். கொதிநீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, பிறகு கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். 250 கிராம் மைதாவுக்கு ஏறத்தாழ 120 மில்லி கொதிநீர், 30 மில்லி பச்சைத் தண்ணீர். சூட்டில் மாவுச்சத்து பாதி வெந்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கோதுமையின் இழுவைப் புரதமும் தளர்ந்துவிடும். அதனால் ஆறினாலும் ரொட்டி மெத்தென்றிருக்கும். அரை மணி நேரம் மூடி வைத்துத் தேய்த்து, எண்ணெயில் குழைத்த மைதாவைத் தடவி, உப்பும் தாளும் தூவி, பாய் போலச் சுருட்டி, வட்டமாகச் சுற்றி மறுபடி தேயுங்கள்.

தண்ணீரில் போட்டு வேகவைக்கும் சீனக் கொழுக்கட்டைக்கு மட்டும் பச்சைத் தண்ணீர்தான். கொதிநீர் மாவு குழைந்து பிய்ந்துவிடும்.

கேள்வி: ரொட்டி சானாய் வீச வரவில்லை. வீசாமல் செய்ய வழி உண்டா?
- வாசகி, ஈப்போ, மலேசியா

பதில்: உண்டு. தமிழ் முஸ்லிம்கள் கொண்டுபோய் உங்கள் ஊரில் மாமாக் எனப்படும் தங்கள் உணவுக் கடைகளில் வளர்த்த பரோட்டா அது. வீசுவது மாவை மெலிதாக்கும் ஒரு வழி, அவ்வளவுதான். உருண்டைகளை நெய்யில் புரட்டி, மூடி, குறைந்தது நாலு மணி நேரம் ஊறவிடுங்கள். எண்ணெய் தடவிய மேசையில் உள்ளங்கையால் தட்டிப் பரப்பி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வெளியே இழுங்கள். அடியில் மேசை தெரிய வேண்டும். ஊறாத மாவு ரப்பராகச் சுருங்கும். அப்போது மல்லுக்கட்டாமல் இன்னும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சுட்டதும் இரு கைகளாலும் பக்கவாட்டில் நெருக்கி அடித்தால் அடுக்கு பிரியும்.

கேள்வி: இட்லிக் குண்டானில் வேகவைத்த பாவ் என்ற சீன பன் மேலே சொதசொதவென்று சுருங்கிவிட்டது.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: மூடியின் உட்புறம் துணி கட்டுங்கள், நீர் சொட்டாது. அடுப்பை அணைத்ததும் மூடியைச் சட்டென்று திறக்காமல், ஒரு விரல் அகலம் மட்டும் நகர்த்தி மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். அதிகம் பொங்கிய மாவும் சுருங்கும்.

கேள்வி: கொரியத் தொடர்களில் வரும் தொக்போக்கியை இடியாப்ப மாவில் செய்யலாமா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: செய்யலாம், ஆனால் காரக் குழம்பில் போடும் அந்த அரிசிக் குச்சிகளுக்குக் கொரியாவில் கிடைக்கும் மெல்லும் பதம் வராது. அவர்கள் எடுப்பது வெந்ததும் ஓரளவு ஒட்டிக்கொள்ளும் குட்டை அரிசி. நம் பச்சரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம் என்பதால் ஆறினால் விறைக்கும். இடியாப்ப மாவில் மூன்றில் ஒரு பங்கு மரவள்ளி மாவு கலந்து, கொதிநீரில் பிசைந்து, விரல் தடிமனில் உருட்டி ஆவியில் வேகவைத்து, சூடாகவே குழம்பில் போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள் அம்மா. மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.